டேப்லெட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே படம், பாட்டு, வீடியோ ஏறாவிட்டால்: எந்த வரிசையில் சரிபார்ப்பது?

காட்பாடியில் என் மேஜைக்கு வரும் டேப்லெட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே புகாரோடுதான் வரும்: “சிங்க் ஆகலண்ணா.” அந்த ஒரு வார்த்தைக்குள் மூன்று வேறு கோளாறுகள் இருக்கலாம். டேப்பும் கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை என்பது முதல் வகை. பார்க்கின்றன, ஆனால் ஃபைல் போய்ச் சேரவில்லை என்பது இரண்டாவது. ஃபைல் போய்ச் சேர்ந்துவிட்டது, கேலரியிலோ பாட்டு ஆப்பிலோ தெரியவில்லை என்பது மூன்றாவது.

மூன்றாவது வகைக் கோளாறுக்கு முதல் வகையின் மருந்தைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். கேலரியில் படம் தெரியவில்லை என்று டேப்பை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு வந்த ஒரு ஆசிரியையை எனக்குத் தெரியும். படங்கள் உள்ளேயேதான் இருந்திருக்கின்றன. ரீசெட் செய்த பிறகுதான் போயின. அதனால் கீழே சொல்லும் வரிசையைத் தாண்ட வேண்டாம். ஒரு படி சரியாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

1. கை வைப்பதற்கு முன் ஒரு நகல்

கோளாறு கம்ப்யூட்டர் கனெக்‌ஷனில்தான். டேப்பில் உள்ள படங்களைக் காப்பாற்ற வேறு வழி இருக்கும்போதே காப்பாற்றிவிடுங்கள். மெமரி கார்டு போடும் டேப் என்றால் முக்கியமானவற்றைக் கார்டுக்குக் காப்பி செய்யுங்கள். கார்டு இல்லையென்றால் சி டைப் பென்டிரைவ் ஒன்றை நேரடியாக டேப்பில் செருகலாம். இப்போது வரும் டேப்புகளில் பெரும்பாலானவை அதைப் படிக்கும்.

இங்கே ‘மூவ்’ அல்லது ‘கட்’ கொடுக்கவே கூடாது. காப்பி மட்டும்தான். மூவ் என்பது ஃபைலை அங்கே எழுதிவிட்டு இங்கே அழிப்பது. நடுவில் கேபிள் ஆடினால் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாமல் போகும்.

இன்னும் மூன்று விஷயம் தயாராக இருக்கட்டும்: டேப்பில் பாதிக்கு மேல் சார்ஜ், கம்ப்யூட்டரில் போதிய காலி இடம், வேலை செய்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த இன்னொரு கேபிள். மூன்றாவதுதான் முக்கியம். சோதித்துப் பார்க்க மாற்றுக் கேபிள் இல்லாமல் ஆரம்பித்தால் அடுத்த படியிலேயே நின்றுவிடுவீர்கள்.

2. கேபிளும் துளையும்

சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள். இரண்டு கரண்டுக்கு, இரண்டு டேட்டாவுக்கு. விலை குறைந்த சார்ஜிங் கேபிள்கள் சிலவற்றில் டேட்டா கம்பிகளே இருக்காது. செருகினால் டேப்பில் மின்னல் குறி வரும், சார்ஜ் ஏறும், கம்ப்யூட்டரில் ஒன்றும் வராது. “சார்ஜ் ஏறுதே, அப்போ கேபிள் நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்பார்கள். சார்ஜ் ஏறுவது கரண்டுக் கம்பி நன்றாக இருப்பதற்கு மட்டும்தான் சாட்சி.

கேபிளை மாற்றியும் வரவில்லையா? டேப்பின் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். குடியாத்தம் பக்கம் லுங்கி நெய்யும் வீடுகளிலிருந்து வரும் டேப்புகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். தறிப் பஞ்சு துளிதுளியாய் உள்ளே போய், ஒவ்வொரு முறை கேபிள் செருகும்போதும் அடியில் இறுகி, சாம்பல் நிறத் தகடு மாதிரி படிந்துவிடும். கேபிளின் முனை ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும். கரண்டு போகும், டேட்டா விட்டு விட்டுப் போகும். செருகும்போது ‘டக்’ என்று உட்காரவில்லை என்றால் பஞ்சைச் சந்தேகப்படுங்கள்.

டேப்பை முழுதாக அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் ஓரத்திலிருந்து மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊக்கு, ஊசி வேண்டாம். சி டைப் துளையின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும். அதில்தான் தொடுமுனைகள் எல்லாம் இருக்கின்றன. உலோகம் அதைக் கீறினால் செலவு பெரிதாகிவிடும்.

சிஸ்டம் வைத்திருப்பவர்கள் கேபினட்டின் முன்பக்கத் துளையை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் செருகுங்கள். ஹப் இருந்தால் இப்போதைக்குக் கழற்றிவிடுங்கள். சந்தேகத்துக்கு இடமான பொருள் எவ்வளவு குறைவாக நடுவில் இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் கோளாறு தெரியும்.

3. டேப்பைத் திறந்து அனுமதி கொடுப்பது

கேபிள் சரி. டேப் லாக் ஆகியிருந்தால் கம்ப்யூட்டரில் டேப்பின் பெயர் வரும், உள்ளே காலியாக இருக்கும். “எல்லாப் படமும் போச்சு” என்று பதறுபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். லாக்கைத் திறந்தாலே சிலருக்கு எல்லாம் வந்துவிடும்.

ஆண்ட்ராய்டு டேப் கேபிளைச் செருகியதும் தானாகச் சார்ஜிங் மட்டும் என்ற நிலைக்குப் போகும். தெரியாத கம்ப்யூட்டரில் சார்ஜ் போட்டால் யாரும் உள்ளே நுழையக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. மேலிருந்து திரையை இழுத்து, யுஎஸ்பி பற்றிய அறிவிப்பைத் தொட்டு, ‘ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் ‘பிடிபி’ என்று ஒன்று இருக்கும். அது கேமரா படங்களுக்கானது. அதைத் தொட்டுவிட்டால் படம் தெரியும், பாட்டு ஃபோல்டர் தெரியாது. “பாதிதான் வருது” என்று சொல்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் இதைத் தேர்ந்தெடுக்க அலுத்தால், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பியின் இயல்பு நிலையை ஃபைல் ட்ரான்ஸ்ஃபர் என்று வைக்கலாம். பள்ளி, அலுவலகம் என்று பல கைகள் மாறும் டேப்பில் இதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

4. கம்ப்யூட்டர் பக்கம்

இதற்குப் பிறகும் டேப்பின் பெயரே வரவில்லை என்றால் விண்டோஸில் இணைத்த கருவிகளின் பட்டியலைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைச் செருகுங்கள். பட்டியல் ஒரு கணம் துள்ளினால் டேட்டா வருகிறது என்று அர்த்தம். துள்ளவே இல்லையென்றால் இரண்டாவது படிக்குத் திரும்புங்கள்.

மஞ்சள் முக்கோணம் நின்றால் அது டிரைவர் (டேப்போடு பேச விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) கோளாறு. அந்த வரியை ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து, கேபிளைக் கழற்றி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, மீண்டும் செருகுங்கள். அப்படியும் வராவிட்டால் டிரைவர் அப்டேட்டில் ‘கம்ப்யூட்டரில் உள்ள பட்டியலிலிருந்து நானே எடுக்கிறேன்’ என்ற வழியில் போய் ‘எம்டிபி யுஎஸ்பி டிவைஸ்’ என்பதைக் கொடுங்கள். எம்டிபி என்பது டேப்பும் கம்ப்யூட்டரும் கேபிள் வழியே ஃபைல் பரிமாறும் முறை. அந்த டிரைவர் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. இணையத்தில் தேடி, யாரோ கொடுக்கும் டிரைவர் ஃபைலை இறக்கிப் போடாதீர்கள்.

விண்டோஸின் ‘என்’ பதிப்பு போட்டிருந்தால் எதைச் செய்தாலும் டேப் வராது. அதில் மீடியா பகுதிகளே கிடையாது. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் போய் மீடியா ஃபீச்சர் பேக்கைச் சேர்த்தால் சரியாகிவிடும். அடிக்கடி வராத கோளாறுதான். வந்தால் ஒரு நாள் முழுக்கத் தின்றுவிடும்.

அரசு கொடுத்த லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இன்னும் ஓடுகிறது என்றால், அதில் எம்டிபிக்கான ‘லிப்எம்டிபி’ மென்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். மேக் கம்ப்யூட்டரில் ஆண்ட்ராய்டு டேப் தானாகத் தெரியாது. ‘ஓப்பன்எம்டிபி’ மாதிரி தனி மென்பொருள் தேவை.

5. ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு

ஐபேடின் விதிகள் வேறு. செருகியதும் ‘இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா’ என்று கேட்கும். அவசரத்தில் ‘வேண்டாம்’ கொடுத்தால் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியாது. கழற்றிச் செருகினால் மறுபடி கேட்கும். விண்டோஸில் ஐடியூன்ஸோ ஆப்பிள் டிவைசஸ் ஆப்போ இருக்க வேண்டும். மேக்கில் 2019 முதல் இந்த வேலையை ஃபைண்டர் பார்க்கிறது.

படம் காப்பி ஆகும்போது பாதியில் ‘டிவைஸ் இயங்கவில்லை’ என்ற செய்தி வந்தால் கேபிளை மாற்றுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். ஐபேட் செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியின் அடியில் ‘ட்ரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி’ என்று இருக்கும். அதை ‘ஆட்டோமேட்டிக்’ என்பதிலிருந்து ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்று மாற்றுங்கள். ஆட்டோமேட்டிக்கில் ஐபேட் ஒவ்வொரு படத்தையும் அனுப்பும்போதே வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கும். அந்த மாற்றத்தில்தான் மூச்சு வாங்கி நிற்கிறது.

கம்ப்யூட்டரில் வரும் படங்களின் எண்ணிக்கை ஐபேடில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் ஐகிளவுடைப் பாருங்கள். இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பு போட்டிருந்தால் அசல் படம் ஐபேடில் இருக்காது, சிறிய உருவம் மட்டும்தான் இருக்கும். இல்லாத அசலைக் கேபிள் கொண்டுவர முடியாது.

பாட்டு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு ஐபேட் ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரின் லைப்ரரியோடுதான் சிங்க் ஆகும். நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகி, ‘இரேஸ் அண்ட் சிங்க்’ என்ற பொத்தானைப் படிக்காமல் அழுத்தினால் முன்பு சிங்க் ஆன பாட்டெல்லாம் போய்விடும். அந்தப் பொத்தான் வந்தால் கேன்சல் கொடுத்துவிட்டு யோசியுங்கள்.

6. காப்பி ஆரம்பித்து நடுவில் நிற்கிறது

அதிக நேரம் செலவாவது இங்கேதான்.

முதல் காரணம் அவசரம். எம்டிபி ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். ஒரு பக்கம் ஐந்நூறு படத்தை இழுத்துப் போட்டுவிட்டு, அது ஓடும்போதே இன்னொரு ஃபோல்டரைத் திறந்து பார்ப்பது, டேப்பில் உள்ள வீடியோவைக் கம்ப்யூட்டரிலிருந்தே ஓட்டிப் பார்ப்பது, இரண்டாவதாக ஒரு காப்பியைத் தொடங்குவது: மூன்றுமே அதைத் திணறடிக்கும். நூறு, நூற்றைம்பது ஃபைலாகப் பிரித்து ஏற்றுங்கள். பச்சைப் பட்டை முடியும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். நின்றாலும் எந்தத் தொகுப்பில் நின்றது என்று தெரியும்.

இரண்டாவது, ஃபைலின் அளவு. ஆரணிப் பக்கம் கூத்து ஜமா ஒன்றின் வாத்தியார் வீட்டுப் பையன், பாரதத் திருவிழாவில் விடிய விடிய நடந்த கூத்தை டேப்பில் எடுத்திருந்தான். துண்டு துண்டாக இருந்ததைக் கம்ப்யூட்டரில் ஒரே வீடியோவாக ஒட்டி, வாத்தியார் பார்க்கட்டும் என்று திரும்ப டேப்பின் மெமரி கார்டில் ஏற்றப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் தோல்வி. கார்டில் 20 ஜிபி காலி இருந்தது, அதனால் அவனுக்குக் குழப்பம். கார்டு 32 ஜிபி. அந்த அளவுவரை கார்டுகள் பொதுவாக ஃபேட்32 அமைப்பில் வரும். அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. காலி இடம் எவ்வளவு இருந்தாலும் அப்படித்தான்.

நிமிடத்துக்கு 130 எம்பி பிடிக்கும் சாதாரண எச்டி வீடியோ என்றால் அரை மணி நேரத்திலேயே 4 ஜிபி வந்துவிடும். இதற்கு மூன்று வழி. வீடியோவைத் துண்டுகளாகவே வைத்துக்கொள்ளலாம். கார்டை விட்டு டேப்பின் உள் நினைவகத்தில் ஏற்றலாம். இல்லையென்றால் 64 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட கார்டு வாங்கலாம். அவை எக்ஸ்ஃபேட் அமைப்பில் வருகின்றன, இந்த வரம்பு இல்லை. வாங்கும் முன் உங்கள் டேப் அந்த அளவுக் கார்டை ஏற்குமா என்று பாருங்கள். அந்தப் பையனுக்கு நான் சொன்னது துண்டுகளாகவே வை என்றுதான். அர்ச்சுனன் தபசு ஒரு ஃபைல், படுகளம் ஒரு ஃபைல் என்று இருந்தால் வாத்தியாருக்கும் தேட எளிது.

மூன்றாவது காரணம் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கே உரியது. அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டின் உள் நினைவகத்தில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். விண்டோஸ் எழுத்துக் குறிகளை எண்ணுகிறது, ஆண்ட்ராய்டு பைட்டை எண்ணுகிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், அதிலும் புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனிக் குறிகள். ‘க’ 3 பைட், ‘க்’ 6 பைட். ‘அர்ச்சுனன் தபசு’ என்ற சின்னப் பெயருக்கே இடைவெளியோடு சேர்த்து 43 பைட். இதோடு ஊர்ப் பெயர், ஜமாவின் பெயர், தேதி, எத்தனையாவது நாள் என்று முழு வரியையும் சேர்த்தால் 255 சீக்கிரம் தாண்டும். கம்ப்யூட்டரில் அழகாக இருக்கும் ஃபைல் டேப்பில் மட்டும் ஏறாது. திரையில் வரும் செய்தியில் பெயர் நீளம் என்ற பேச்சே பெரும்பாலும் இருக்காது.

எனவே பெயரை நான்கைந்து சொல்லுக்குள் நிறுத்துங்கள். விவரத்தை ஃபோல்டர் பெயரில் வையுங்கள். தமிழைக் கைவிட வேண்டிய அவசியம் இல்லை. டேப்பிலேயே பதிவு செய்த ஃபைலுக்கு அதன் ஆப் வைக்கும் பெயரில் : ? * | " போன்ற குறிகள் வந்துவிட்டால் விண்டோஸ் அவற்றை ஏற்காது. அங்கேயே பெயரை மாற்றிவிட்டுக் காப்பி செய்யுங்கள்.

நான்காவது, வெயில். வேலூரை வெயிலூர் என்று சொல்வது சும்மா இல்லை. கத்திரியில் 40 டிகிரி தாண்டும் ஊர் இது. ஐபேடைச் சுற்றியுள்ள காற்று 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிள். மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடி அறையில், தோல் உறை போட்ட டேப்பை மெத்தை மேல் வைத்து 20 ஜிபி ஏற்றினால் அது சூடேறித் தானாக வேகத்தைக் குறைக்கும், சார்ஜை நிறுத்தும். உறையைக் கழற்றி, தரையிலோ மர மேஜையிலோ வைத்து, ஃபேன் காற்றில், விடியற்காலையில் செய்யுங்கள். பெரிய காப்பிகளை நான் காலை ஆறு மணிக்குத்தான் தொடங்குகிறேன்.

மின்தடை அறிவித்த நாளில் யுபிஎஸ் இல்லாத சிஸ்டத்தில் இந்த வேலையே வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் அந்த ஒரு ஃபைல் அரைகுறையாக நிற்கும். பெயர் இருக்கும், திறக்காது. லேப்டாப்பாக இருந்தாலும் ஸ்லீப்புக்குப் போகாதபடி அமைத்துவிடுங்கள்.

7. ஏறிவிட்டது, ஆனால் தெரியவில்லை

டேப்பில் உள்ள ‘ஃபைல்ஸ்’ ஆப்பைத் திறந்து, காப்பி செய்த ஃபோல்டருக்குப் போங்கள். அங்கே ஃபைல் இருக்கிறதா? இருந்தால் உங்கள் சிங்க் வேலை முடிந்துவிட்டது. இது காட்டும் ஆப்பின் பிரச்சினை. கேபிளை ஓரமாக வைத்துவிடுங்கள்.

கேலரி ஒவ்வொரு முறையும் எல்லா ஃபோல்டரையும் தேடிப் பார்ப்பதில்லை. ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் ஒரு மீடியா பட்டியலைப் பார்த்துத்தான் காட்டுகிறது. பட்டியலில் பெயர் ஏறாவிட்டால் கேலரிக்கு அந்தப் படம் இல்லாதது போலத்தான். டேப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்படியும் ஒரு ஃபோல்டர் மட்டும் தெரியாவிட்டால், மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி அமைத்து, அதில் புள்ளியோடு தொடங்கும் ‘நோமீடியா’ என்ற ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஃபோல்டரைப் பட்டியலில் சேர்க்காதே என்பதற்கான அடையாளம் அது. பழைய போனின் ஃபோல்டரை அப்படியே தூக்கிப் போடும்போது கூடவே வந்துவிடும். அதை மட்டும் நீக்கினால் போதும். ஃபோல்டர் பெயரே புள்ளியில் தொடங்கினாலும் இதே விளைவுதான்.

வீடியோவில் சத்தம் மட்டும் வருகிறது, படம் கறுப்பாக இருக்கிறது என்றால் ஃபைல் கெடவில்லை. புது போனில் எச்இவிசி வடிவத்தில் எடுத்ததைப் பழைய டேப்பால் திறக்க முடியாமல் இருக்கலாம். விஎல்சி என்ற வீடியோ ஆப்பைப் போட்டுப் பாருங்கள்.

பாட்டின் பெயர் கோணல்மாணலாக, படிக்க முடியாத எழுத்தாக வந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக் குறியீட்டில் எழுதிய பெயராக இருக்கும். பழைய சிடியிலிருந்து எடுத்த பக்திப் பாட்டுகளில் இதைப் பார்க்கலாம். பாட்டு ஓடும், தேட மட்டும் முடியாது. கம்ப்யூட்டரில் டேக் எடிட்டர் ஒன்றில் பெயரைத் திருத்திவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள்.

8. கேபிள் இல்லாமல் அனுப்புவது

துளையே பழுதாகிவிட்டால் வைஃபைதான் வழி. ஆண்ட்ராய்டுக்கும் விண்டோஸுக்கும் குயிக் ஷேர் போதும். ஐபேட், லினக்ஸ் எல்லாம் கலந்திருந்தால் லோக்கல்சென்ட் இலவசமாகக் கிடைக்கிறது.

இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்றையொன்று காணாவிட்டால் இரண்டு இடத்தைப் பாருங்கள். விண்டோஸில் அந்த வைஃபை ‘பப்ளிக்’ என்று பதிந்திருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள், வீட்டு வைஃபைக்கு மட்டும். இரண்டில் ஒன்று கெஸ்ட் வைஃபையில் இருந்தால் மாற்றுங்கள். கெஸ்ட் வைஃபை இணையத்தை மட்டும் கொடுக்கும், பக்கத்துக் கருவியைக் காட்டாது. விடுதி வைஃபையிலும் பெரும்பாலும் இப்படித்தான். அப்போது போன் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் இணைத்து லோக்கல்சென்டில் அனுப்புங்கள். ஃபைல் இரண்டுக்கும் நடுவிலேயே போவதால் நெட் பேக் கரையாது.

9. தானியங்கிச் சிங்க்: முதலில் திசை

எல்லாம் சரியான பிறகுதான் தானாகச் சிங்க் ஆகும்படி அமைக்க வேண்டும். கோளாறு இருக்கும்போதே அமைத்தால், அரைகுறை ஃபோல்டரைச் சரியானது என்று நம்பி மறுபக்கத்தையும் அதுபோல் ஆக்கிவிடும்.

ஃப்ரீஃபைல்சிங்க் போன்ற மென்பொருளில் ‘மிரர்’, ‘டூ வே’, ‘அப்டேட்’ என்று மூன்று வழி இருக்கும். மிரர் என்றால் இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் அப்படியே ஆகும். இடப்பக்கத்தில் இல்லாதது வலப்பக்கத்தில் அழியும். புது கம்ப்யூட்டரின் காலி ஃபோல்டரை இடப்பக்கம் வைத்து, படம் நிறைந்த டேப்பை வலப்பக்கம் வைத்து மிரர் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தொடங்குபவர்கள் ‘அப்டேட்’ என்பதையே வையுங்கள். அது புதியதைச் சேர்க்கும், எதையும் அழிக்காது. முதலில் ‘கம்பேர்’ மட்டும் கொடுத்து, எந்தப் பக்கம் என்ன நடக்கப் போகிறது என்ற பட்டியலை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

கூகுள் போட்டோஸும் சிங்க்தான். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அங்கே ஒரு படத்தை அழித்தால் டேப்பிலிருந்தும் அது போகும். பேக்கப் ஆன படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம். ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுப்பதற்கு முன், பேக்கப் ‘ஸ்டோரேஜ் சேவர்’ தரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேலே போயிருப்பது சுருக்கிய நகல், டேப்பில் இருப்பதுதான் அசல். இலவச இடம் 15 ஜிபிதான், அதில் மெயிலும் சேர்த்தி.

10. எண்ணிப் பார்த்த பிறகு அழிப்பது

இரண்டு பக்கமும் ஃபோல்டரின் ‘ப்ராப்பர்டீஸ்’ திறந்து, ஃபைல் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் போதாது. அரைகுறை ஃபைலும் ஒன்றாகத்தான் கணக்காகும், அதனால் அளவும் ஒத்துப்போக வேண்டும்.

பிறகு கம்ப்யூட்டர் பக்கத்தில் முதல் படம், நடுவில் ஒன்று, கடைசிப் படம் மூன்றையும் திறந்து பாருங்கள். நீளமான வீடியோ ஒவ்வொன்றையும் கடைசி நிமிடத்துக்கு இழுத்து ஓட்டுங்கள். அரைகுறையாக ஏறிய வீடியோ ஆரம்பத்தில் நன்றாகவே ஓடும், வால்தான் இருக்காது. கூத்து எடுத்த அந்தப் பையனின் ஒரு துண்டு அப்படித்தான் இருந்தது. அர்ச்சுனன் கம்பம் ஏறத் தொடங்குவது வரை வந்து, உச்சிக்குப் போகும் முன் நின்றுவிட்டது. டேப்பில் அசல் இன்னும் இருந்ததால் அந்த ஒரு ஃபைலை மட்டும் திரும்ப ஏற்றினோம்.

இதற்குப் பிறகு டேப்பில் அழிக்கலாம். கேலரியின் குப்பைத் தொட்டியை மட்டும் உடனே காலி செய்யாமல் ஒரு வாரம் விட்டு வையுங்கள்.